யானை முகாமில் கழன்ற காப்பு

"எங்கட உம்மாட காப்பை றுமானாதான் எடுத்திருக்கா. எடுக்கல்ல எண்டு நாளைக்குப் பள்ளிவாசல்காரர் முன்னால சத்தியம் பண்ணப்போறாளாம். அதுக்கு முந்திக் கண்டுபிடிச்சுத் தாங்க."

கடையில் பருப்புக் கேட்பது போலத்தான் ஸகியா இதைச் சொன்னாள். றுமானா அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி. சத்தியம் வரைக்கும் போனால் அதன்பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்காது. கல்முனையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பொலிஸில் இருந்து ஓய்வுபெற்ற ஹாஜறா பதறவில்லை. பதறுவதற்கென்றே வீட்டில் மருமகன் அப்ராஸ் இருந்தான்.

"முதல்ல இருந்து கதைங்க, மகள்."

உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, மனம் ஆறட்டும் என்று ஸகியாவின் கணவர் பளீல் அவளையும் றுமானாவையும் தாய்லாந்துக்குக் கூட்டிப்போனார். மனம் ஆறவில்லை, நோகவும் இல்லை என்றாள். அங்கே ஒரு நாள் யானை முகாம். காலையில் யானைக்கு வாழைப்பழம் ஊட்டினார்கள். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, பைகளை றுமானாவிடம் கொடுத்து, யானையோடு சேற்றில் இறங்கினாள். கரையேறிப் பார்த்தால் கையில் காப்பு இல்லை; சேற்றிலும் கிடைக்கவில்லை. பைகளை வைத்திருந்தவள் றுமானா என்பதால் சந்தேகம் அவள்மேல் விழுந்தது.

"அல்லாஹ்வே! நம்மட வயலுக்கு வந்தா யானைவெடி போட்டு விரட்டுறம். அங்க காசு குடுத்துக் குளிப்பாட்டுறாங்களா?" என்றான் அப்ராஸ். "மாமி, பழத்தோட காப்பையும் யானைதான் விழுங்கியிருக்கும்!"

"அப்ப யானையையும் பள்ளிக்குக் கூப்பிடுவம். போனைக் காட்டுங்க, மகள்."

பழம் ஊட்டும் படத்தில் காப்பு மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது. அடுத்தது, ஸகியா தண்ணீர்க் குழாயடியில் இருந்து திரும்பும்போது பளீல் எடுத்த படம். ஹாஜறா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"மகன், பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வாங்க."

அவன் போனதும் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் படத்தில உடுப்பு காய்ஞ்சிருக்கு, சேறும் இல்ல. முகமும் முழங்கை வரைக்கும் கையும்தான் நனைஞ்சிருக்கு. தொழ முந்திக் கழுவுற வுழு எடுத்திட்டு வாறீங்க. காப்பு அப்பவே கையில இல்ல. அது இறுக்கமா?"

"ஓம். உம்மாட கை சின்னது."

"காப்புக்குக் கீழ தண்ணி படாட்டி வுழு சேராது. அதால கழட்டியிருக்கீங்க. கழட்டினா எங்க வைப்பீங்க?"

"முசல்லாப் பைக்குள்ள," என்றாள் ஸகியா.

"வீடெல்லாம் தேடியிருப்பீங்க. தொழுகைக்கு விரிக்கிற முசல்லாவை விரிச்சிருந்தா அண்டைக்கே கிடைச்சிருக்கும். அதுக்குப் பிறகு நீங்க தொழவே இல்லையா, மகள்?"

ஸகியா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்டைக்கு நெத்தியை நிலத்தில வச்சு சுஜூதில உம்மாவுக்கு துஆ கேக்கப் போனன். ஒண்டும் வரல்ல. கல்லு மாதிரிக் கிடந்தன். பிறகு அந்தப் பையைத் தொடவே பயம். காப்பு வச்ச ஞாபகமும் இல்ல. நான் தொழாதது வீட்டுல ஆருக்கும் தெரியா."

பாவம், தேநீரோடு வந்த அப்ராஸுக்கு அதைக் குடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸகியாவின் வீட்டுக்குப் போனான். அலுமாரி மூலையில் கிடந்த பையை அவள் உதறினாள். காப்பு தரையில் உருண்டது.

அவள் றுமானாவுக்கு அழைத்தாள். "காப்பு கிடைச்சிட்டு. நீ எடுக்கல்ல. என்ன மன்னிச்சிரு."

"எங்க இருந்திச்சு?"

ஸகியா ஹாஜறாவைப் பார்த்தாள். ஒரு பொய் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியவராது. ஹாஜறா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முசல்லாப் பைக்குள்ள. அண்டையில இருந்து நான் அதைத் திறக்கவேயில்ல."

கள்ளி என்ற பெயரைச் சுமந்தவளுக்கு ஏசுவதற்கு எவ்வளவோ இருந்தது.

"எனக்கும் உம்மாக்கு துஆ கேக்க வாய் வருகுதில்ல, ராத்தா," என்றாள் றுமானா. "இரி, நான் வாறன். அசர் தொழுகைக்கு ரெண்டு பேரும் சேந்து நிப்பம்."

ஸகியா அப்போதும் அழவில்லை. முசல்லாவை விரித்து, அதன் பக்கத்தில் இன்னொன்றை விரித்தாள்.