கதவடிச் சந்து

காஸ் அடுப்பில் சமைக்கிற வீட்டில் கரிநெருப்பு வாசனை எப்படி வரும்? ஆரணியில் பெயர் சொன்னாலே தெரிகிற பட்டு முதலாளி மாணிக்கவேலுக்கு இதுவே தலைவலியாகப் போயிற்று. மழை பிடித்ததிலிருந்து, படுக்கையறைக் கதவின் அடிச்சந்து வழியாக, கனன்ற கரியும் ஈரப்பட்டும் கலந்த அந்த நெடி மெல்ல மெல்ல நுழைந்து, தலையணைவரை வந்துகொண்டிருந்தது. மனைவி கமலத்துக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

"உங்க மூக்குலதாங்க கோளாறு. சும்மா மோந்துகினு கெடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணமங்கலத்து அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவருக்கு அந்த நெடி தெரியும். போன ஐப்பசி மழையில், கல்யாண ஆர்டருக்கு அரக்குச் சாயம் தோய்த்த பட்டு காயவில்லை. கிடங்கு அறையில் கரிச்சட்டி வைத்து, நூலைத் திருப்பிப் போடக் கூலிக்காரி தனகோடியை உள்ளே விட்டு, சூடு வெளியேறாமல் கதவுச் சந்தில் பட்டுக் கழிவை அடைத்து, வெளியே தாழ் போட்டவர் அவர்தான். மூச்சு முட்டுகிறதென்று அவள் கதவைத் தட்டினாள்.

"தொறந்தா சூடு பூடும். காயட்டும் இரு" என்றார்.

பட்டு நன்றாகத்தான் காய்ந்தது. தனகோடி செத்தது நெஞ்சுவலியால் என்று ஊரை நம்பவைத்தார்.

ஹார்டுவேர் கடைக்காரர் தசரதன் கதவடிச் சந்தை அடைக்கும் பட்டைகளை மேசைமேல் பரப்பினார்.

"ஸ்பாஞ்சு ஜல்தி பிஞ்சிடுங்க. பிரஷ் வெச்சது தூசிக்குச் சரி. புகை நிக்கணும்னா இந்த ரப்பர்தான். கதவை மூடினா தானா எறங்கித் தரையைக் கவ்விக்கும். ஜன்னலை மட்டும் கொஞ்சம் தொறந்து வையுங்க, மொதலாளி."

ஏசி அறையில் ஜன்னலைத் திறப்பதாவது! அவருக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் ஆசாரி ரப்பரைப் பொருத்திவிட்டுப் போனார். மாணிக்கவேல் கதவைச் சாத்தினார். மழைச் சத்தம்கூட நின்றுபோனது. முகர்ந்து பார்த்தார். நெடி இல்லை.

"இப்போ வாடி பாக்கலாம்" என்று சத்தமாகவே சொன்னார். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது.

கரண்ட் போனது. ஏசி அடங்கியது.

நெடி வந்தது. கதவுப் பக்கமிருந்து அல்ல.

குனிந்தார். கட்டிலடியில் கரிச்சட்டி. சிவப்பாகக் கனன்றுகொண்டு.

கதவுக்கு ஓடினார். வெளியே தாழ். ஜன்னலுக்கு ஓடினார். திறக்கவில்லை. விளிம்பு முழுக்க ஈரப்பட்டு. இறுக்கமாக.

"யாரது? தொற! மூச்சு முட்டுது!"

சாவித் துவாரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கண்ணை வைத்தார்.

அரக்குச் சாயம் ஏறிய ஒரு விரல், வெளியிலிருந்து, அதிலும் பட்டுக் கழிவைத் திணித்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

"சூடு பூடும்" என்றது தனகோடியின் குரல். "காயட்டும் இரு, மொதலாளி."