கேபிள் இல்லாத பச்சை விளக்கு

கேபிளைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் பச்சை விளக்கு அணையவில்லை.

பண்ணைக் கருவிகளைத் திருத்தும் முப்லிஹா குனிந்து பார்த்தாள். குளத்து மோட்டாரை இயக்கும் போர்டின் நெட்வேர்க் துளை வெறுமையாகத்தான் இருந்தது. மறுமுனையில் ஏதாவது கருவி உயிரோடு இருந்தால் மட்டுமே எரிகிற விளக்கு அது. விரலால் துளையைப் பொத்திப் பார்த்தாள், அப்போதும் எரிந்தது. "மலிவு எண்டா குப்பையையும் அள்ளிட்டு வந்திருவாரு" என்று முதலாளி றிஸ்வியை முணுமுணுத்துத் திட்டினாள். திட்டியதில் பயம் கொஞ்சம் அடங்கியது.

மாரி மழை மத்தியானத்தையே இருட்டாக்கி வைத்திருந்தது. பம்ப் அறையின் தகரக் கூரையில் மழை இரைய, வாவிப் பக்கத்துச் சதுப்பில் வளர்ந்த கண்ணாக் காட்டிலிருந்து அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்து, மூலையில் அடுக்கியிருந்த இறால் தீனி மூட்டைகளின் நாற்றத்தோடு சேர்ந்து, காலையில் ஏறாவூர் வீட்டில் தின்ற ஆப்பத்தை இன்னும் நெஞ்சுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தது. ஜன்னலுக்கு நேரே பண்ணையின் மூன்றாம் குளம். நடுவில், தண்ணீரைக் கலக்கி இறாலுக்குக் காற்றுக் கொடுக்கும் சக்கரம். அதன் பக்கத்துக் கம்பத்தில், கைக்கெட்டும் உயரத்தில், சிவப்புப் பொத்தான். அழுத்தினால் சக்கரம் நிற்க வேண்டும்.

போன மாதம் பண்ணையாள் அழகரத்தினம் இந்தக் குளத்தில் இறங்கிச் சக்கரத்தில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அது சுற்றத் தொடங்கி, இடுப்பில் கட்டிய சாரத்தோடு அவரை உள்ளே இழுத்துவிட்டது. குடித்திருந்தார், பொத்தானை அழுத்தவே இல்லை என்று றிஸ்வி கதையை முடித்துவிட்டார். செத்த வீட்டில், அந்த மனுசனின் பெண்சாதி முன்னாலேயே அதைச் சொன்னார். முப்லிஹாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. பொத்தானுக்கென்று தனி வயர் இழுத்து, மோட்டாரின் கரண்டை நேரே வெட்டியிருக்க வேண்டும். வயரை மிச்சம் பிடிக்க அதையும் நெட்வேர்க்கில் கோத்துவிட்ட ஆள், செத்தவரில் குற்றம் சொல்கிறார்!

இன்று பின்னேரம் அதே குளத்தில், பாசி பிடுங்க, அவரோடு வேலை செய்த சாமித்தம்பி இறங்க வேண்டும். காலையில் அவர் வாசலில் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"தங்கச்சி, அந்தச் சிவப்புப் பட்டன அமத்தினா நிக்குமா? அத மட்டும் சொல்லுங்க, நான் இறங்குறன்."

"பாத்துட்டுத்தான் சொல்லுவன் அண்ணன். அதுவரைக்கும் இறங்காதீங்க."

பார்த்தாள். ஒருவரும் கேள்விப்படாத நெட்வேர்க் சிப். அதைப் பற்றி ஒரு தாளும் கிடையாது. அதற்கென்று எழுதிய ட்ரைவர் மென்பொருளும் இல்லை. வேறொரு சிப்புக்கு எழுதியதை, முகச்சாடை ஒத்திருக்கிறது என்று யாரோ அப்படியே தூக்கிப் பொருத்தியிருந்தார்கள். சிப்புக்கு அதன் முகவரியைச் சொல்லிக்கொடுப்பது ட்ரைவர்தான். இந்தச் சிப்புக்கு அது முகவரியைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. புளியந்தீவு அலுவலகத்திலிருந்து வருகிற கட்டளைகள் எல்லாப் போர்டுகளுக்கும் பொதுவானவை. அவை தடையில்லாமல் வந்து சக்கரத்தைச் சுற்றின. பொத்தானின் கட்டளை மட்டும் முகவரி போட்டு வரும். வந்ததையெல்லாம் சிப், தனக்கில்லை என்று சத்தமில்லாமல் எறிந்திருக்கிறது.

அழகரத்தினம் அழுத்தியிருக்கிறார். அந்த மனுசன் அழுத்தி அழுத்தித்தான் செத்திருக்கிறார்.

உடனே றிஸ்விக்குப் போன் எடுத்துச் சொன்னாள். "ஒண்டையும் தொடாதீங்க, நான் வாறன்" என்று வைத்துவிட்டார். தொடாமல் இருக்க அவளால் முடியவில்லை. முகவரியைத் தலைகீழாக்கிய அந்த ஒரு வரியைத் திருத்தி, ட்ரைவரை ஏற்றினாள். கேபிள் இன்னும் மேசையில்தான் கிடந்தது. போர்டுக்கு வரும் கட்டளைகளைக் காட்டும் லெப்டொப் திரையில் ஒரு வரி விழுந்தது.

மூன்றாம் குளம்: நிறுத்து.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நிறுத்து. களைத்த கையொன்று தூக்கித் தூக்கி அடிப்பதுபோல, ஒரே இடைவெளியில், வரி வரியாக விழுந்துகொண்டிருந்தது. மழை இரைச்சலுக்குள் ஒரு சின்னச் சத்தமும் கேட்டது. டக். வரி விழும்போதெல்லாம், குளத்துப் பக்கமிருந்து, டக்.

ஜன்னலால் பார்த்தாள். கம்பத்தருகே ஒருவரும் இல்லை. குளம் முழுக்க மழைத்துளி விழுந்து தெறித்தது. கம்பத்தடியில் ஓரிடத்தில் மட்டும் துளி தண்ணீரைத் தொடவில்லை.

"யா அல்லாஹ்," என்றாள்.

வேனிலிருந்து இறங்கிச் சேற்றை உதறியபடி றிஸ்வி வந்தார். கேபிளைத் தானே செருகினார். அலுவலகத்தில் இருந்த ஹஸீனாவுக்குப் போன் எடுத்துச் சக்கரத்தைப் போடச் சொன்னார். அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் நின்றது.

"என்ன புள்ள செஞ்சு வெச்சிரிக்கீங்க? காத்தில்லாம இறால் செத்து மிதந்தா ஆரு பதில் சொல்ற? பழைய ட்ரைவரப் போடுங்க."

"பழசுதான் சேர் அந்த மனுசனக் கொன்னது! அவர் அமத்தியிரிக்காரு. இப்பயும் அமத்துறாரு. திரையப் பாருங்க, கண்ணத் திறந்து பாருங்க!"

"குடிகாரனுக்கு வக்காலத்து வாங்கவா உங்களுக்குச் சம்பளம் தாறன்?"

அவளை விலக்கிவிட்டுப் பழையதை அவரே ஏற்றினார். திரை வெறுமையானது. சக்கரம் சீராகச் சுற்றியது. ஹஸீனாவிடம் சொல்லி அதை நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற சாமித்தம்பிக்குக் குளத்தைக் காட்டினார்.

"இறங்குங்க."

"ஏலா சேர்." சாமித்தம்பியின் பார்வை கம்பத்தடியை விட்டு நகரவில்லை. "அங்க ஆள் நிக்கிது."

"நல்ல சாட்டுத்தான்! நானே இறங்கிக் காட்டுறன், பாருங்க."

"அந்தப் பட்டன் வேலை செய்யா சேர்! இறங்காதீங்க!" என்று முப்லிஹா கத்தினாள்.

அவர் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையின் பட்டி தொங்க, நெஞ்சளவு தண்ணீரில் போய்ச் சக்கரத்தின் மேல் குனிந்தார்.

சக்கரம் அசைந்தது.

அலுவலகத்திலிருந்து கட்டளை எதுவும் வரவில்லை. திரை வெறுமையாகவே இருந்தது.

பட்டி சக்கரத்தின் தண்டில் சுற்றியது. றிஸ்வியின் கை பொத்தானில் விழுந்தது. டக். பச்சை விளக்கு சிமிட்டியது. திரையில் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார். விளக்கு சிமிட்டியது. ஒன்றுமில்லை. சிப் எறிந்துகொண்டிருந்தது.

முப்லிஹாவின் கை போர்டின் கரண்ட் வயரைப் பிடித்திருந்தது. இழுத்தால் நிற்கும். செத்த வீட்டில் வாயைப் பொத்தி அழுத அந்தப் பெண்சாதியின் முகம் வந்தது. ஒரு மூச்சு நேரம் அவள் இழுக்கவில்லை.

பிறகு பிடுங்கினாள்.

சக்கரம் நிற்கவில்லை.

கேபிளையும் பிடுங்கினாள். நிற்கவில்லை. மெயின் சுவிட்ச் இருக்கும் கொட்டிலை நோக்கிச் சாமித்தம்பி வரம்பில் ஓடினார். தூரம். வழுக்கும் வரம்பு. விழுந்தார். எழும்பினார். தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது. அடித்தது. அடித்தது. நழுவியது.

சாமித்தம்பி கொட்டிலைத் தொடுமுன்பே சக்கரம் தானாக நின்றது.

மழை பெய்துகொண்டிருந்தது. கம்பத்தடியில் இப்போது இரண்டு இடத்தில் துளி விழவில்லை.

முப்லிஹாவின் கையில் போர்ட். கரண்ட் இல்லை. கேபிள் இல்லை. பச்சை விளக்கு சிமிட்டியது. களைத்துப்போய், ஒரே இடைவெளியில், அதே பழைய அடி. அதற்கு நடுவே இன்னொன்று புகுந்தது. பதறியபடி. மூச்சுவிடாமல்.