இறந்தவன் பெயரில் ஒரு முகவரி

தோஹான் கீழ்த்தளத்துக் குளிர்ப்பெட்டியில் படுத்திருந்தான்.

மேலே, அவனைக் கொன்றவன் வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் நினைத்தாள் யூரிம். நினைப்பு மட்டும்தான். ஆதாரம் ஒரு துளிகூட இல்லை.

தேகு நகர மருத்துவமனையின் துக்கக்கூடம். வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே தோஹானின் புகைப்படம்... வரும் வசந்தத்தில் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். சனிக்கிழமை தம்பி ஜேஹுனோடு மலைக்குப் போனான். பாறை விளிம்பில் கால் வழுக்கியதாக எழுதி, கோப்பை மூடிவிட்டது போலீஸ்.

பால்கனியில் துணி உலர்த்தவே பயப்படுகிறவன், பாறை விளிம்புக்குப் போனானாம்.

அவனுடைய அப்பாவின் ஆப்பிள் வினிகர் தொழிற்சாலை தோஹான் பெயரில் இருந்தது. கல்யாணம் ஆகாமல் செத்ததால், வாரிசு தம்பிதான்.

நாளைக் காலை தகனம். அதற்குப் பிறகு சாம்பலிடமா விசாரிக்க முடியும்?

"அண்ணி..."

ஜேஹுன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கறுப்புக் கோட்டு. கையில் துக்கப் பட்டை. முகத்தில் அளவான சோகம்.

"ஒரு சின்ன உதவி. அண்ணனுக்கு இணையத்துல ஒரு நினைவுப் பக்கம் போடணும். அதுக்கு ஒரு முகவரிப் பேரு, டொமைன், வாங்கிட்டேன். அதை எப்படி மாட்டுறதுன்னுதான் புரியல. நான் இந்தக் கூடத்தை விட்டு வெளிய போகவும் கூடாது. உங்களுக்கு அதானே தொழில்?"

"லாப்டாப் கார்ல இருக்கு. எடுத்துட்டு வரேன்."

"உங்களை மாதிரி யாரு இருக்கா அண்ணி."

அவன் அனுப்பிய இணைப்பை அழுத்தினாள். அவன் சொன்ன கடவுச்சொல்லைக் கொடுத்தாள். கன்ட்ரோல் பேனல் நேராக அந்த டொமைனின் பக்கத்தில் போய்த் திறந்தது.

'தோஹான் நினைவாக' என்று ஒரு முகவரி. அதை எந்த சர்வருக்குத் திருப்ப வேண்டும், படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கும்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்கிற வேலை. விரல்கள் தாமாக ஓடின.

நின்றன.

பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி.

பதிவு செய்த நாள்: செவ்வாய்க்கிழமை.

தேதியைப் பார்த்தாள். போன செவ்வாய்தான். தோஹான் செத்தது சனிக்கிழமை.

அழுகை சட்டென்று வற்றிப்போனது.

"தம்பி, இந்தப் பேரை எப்ப வாங்கினீங்க?"

"நேத்துதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. புதுப் பேருன்னா இணையத்துல எல்லா இடத்துக்கும் போய்ச்சேரக் கொஞ்சம் நேரமாகும்."

"ஒரு நாள் ஆகும்ல? அதனாலதான் முன்னாடியே..."

நிறுத்தினான்.

"முன்னாடியே?"

"முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். துக்கத்துல மறந்துட்டேன்."

"பரவால்ல. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

முடித்தாள். செவ்வந்தி, மெழுகுவர்த்தி, சிரிக்கும் தோஹான். பார்த்துவிட்டு ஜேஹுன் மூக்கை உறிஞ்சினான்.

"அழகா இருக்கு அண்ணி. எல்லாருக்கும் நானே அனுப்பறேன்."

அவன் கையாலேயே அனுப்பினான். சொந்தக்காரர்கள், தொழிற்சாலை ஆட்கள், பள்ளிக்கூட நண்பர்கள்... ஒருத்தர் விடாமல்.

அது கிளம்பிய மறுநிமிடம், யூரிம் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு அதே முகவரியில் வேறொன்றை ஏற்றினாள்.

கூடம் முழுக்கச் செல்போன்கள் சிணுங்கின. காரமான மாட்டிறைச்சி சூப்பில் மூழ்கியிருந்த கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்னடா அது? கண்ணாடி கொண்டு வரல, யாராவது படிங்க" என்றாள் தோஹானின் பெரியம்மா.

உறவுக்காரப் பையன் ஒருவன் படித்தான். குரல் போகப் போக இறங்கியது.

"தோஹான் இறந்தது சனிக்கிழமை. இந்த நினைவுப் பக்கத்துக்கு ஜேஹுன் பேர் வாங்கினது செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வா?"

"போன செவ்வா, பெரியம்மா."

"உளறாதே. அன்னிக்கு தோஹான் என் வீட்டுல உக்காந்து ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் தின்னான்."

"உயிரோட இருக்கும்போதே வாங்கினதாத்தான் போட்டிருக்கு..."

கோப்பையில் சோஜு மது பாட்டிலைக் கவிழ்த்தவர் நிமிர்த்த மறந்தார். கோப்பை வழிந்து மேசையில் ஓடியது.

ஜேஹுன் யூரிமின் காதருகே குனிந்தான். "அதை எடுடி."

"எடுத்துடலாம் தம்பி. ஆனா பார்த்தவங்க கண்ணுலேர்ந்து எப்படி எடுக்கறது?"

அவன் வாசலுக்குப் பாய்ந்தான். கறுப்பு ஷூக்களின் குவியலில் தன் ஜோடி எது என்று தெரியாமல் தடுமாறினான்.

"இடது காலை மாத்திப் போட்டிருக்க" என்றது ஒரு குரல். "நிதானமா போட்டுக்கோ. ஜீப் காத்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் யோம். வழக்குக் கோப்பை மூடியவர். ஒரு பூ வைத்துவிட்டுப் போங்கள் என்று மதியமே யூரிம் போனில் கூப்பிட்டிருந்தாள்.

விலங்கு மாட்டி அனுப்பிவிட்டு, யோம் லாப்டாப் எதிரே சம்மணமிட்டார்.

"ஏம்மா, இதை நேரா என்கிட்டயே காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருந்தா நீங்க ஒருத்தர்தான் சார் பார்த்திருப்பீங்க."

அவர் திரையைத் தடவினார். ஏதோ பட்டனில் விரல் பட்டது. பேனல் ஒரு பக்கம் பின்னால் போனது... ஜேஹுன் கணக்கில் உள்ள எல்லா டொமைன்களும் வரும் பக்கம்.

இரண்டு இருந்தன.

யோம் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

இரண்டாவது, 'யூரிம் நினைவாக.'

அதே செவ்வாய்க்கிழமை.

அவள் குரல் எங்கிருந்தோ வந்தது.

"மலைக்கு... மூணு பேரும்தான் போறதா இருந்தது சார். எனக்குக் காய்ச்சல். கடைசி நேரத்துல நின்னுட்டேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா, பார்த்த சாட்சி மிஞ்சாதுன்னு கணக்குப் போட்டிருக்கான்." யோம் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் தண்ணி குடிக்கறியாம்மா?"

வேண்டாம் என்று யூரிம் தலையசைத்தாள். திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பெயர்களுக்கும் எதிரே இருந்த காலாவதித் தேதிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அநியாயத்தைப் பாருங்க சார். அண்ணனுக்கு அஞ்சு வருஷத்துக்குக் கட்டியிருக்கான்... என்னை நினைக்க ஒரே வருஷம் போதுமாம்."