மச்சான் பிடித்த கயிறு

பறங்கித் தளபதி தீவில் இறங்கிய பத்தாம் நாள் கோட்டை கட்டத் தொடங்கினான். தீவின் ஒரே நன்னீர்க் கிணற்றை வளைத்துத்தான் கட்டினான். "தோணிகளைக் கொடுத்துவிட்டு அடிமையாய் இருப்பவனுக்கே தண்ணீர்" என்று பறையறைவித்தான். முப்பது குடிகளும் தோணியேறிக் கண்டல்காட்டுத் திட்டில் ஒளிந்துகொண்டன. கையிருப்பு இரண்டு குடம் தண்ணீர்.

முத்துக் குளிக்கும் கணவதிக்கு ஒரு புதையல் தெரியும். எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில், கடலடிப் பாறைப் பிளவில் நன்னீர் ஊற்று. ஆனால் குளிப்பவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? கணவதியின் மச்சான் இளையான் என்பவனோ பறங்கியிடம் சிறைப்பட்டு, கோட்டைக்காகக் கடலில் பவளக்கல் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள் கணவதியின் மனைவி வேலாத்தை. "ரெண்டு பேரும் வராட்டில் நான் போய்த் தளபதியின்ரை தாடியைப் பிடிச்சு ஆட்டுவன்."

நடுப்பகல். கல் பெயர்க்கும் இடத்தில், படகில் இருந்த பறங்கிக் காவலன் இரும்புச் சட்டைக்குள் வெந்துகொண்டிருந்தான். அவன் மார்பில் மீன் பொரித்திருக்கலாம். நீருக்குள் இருந்த இளையானின் இடுப்புக் கயிறு அவன் கையில். தூரத்தில் தோணியை நிறுத்திவிட்டுக் கணவதி ஒரே மூச்சில் அரைக் காதம் நீந்தினான். மூன்று காதம் என்பாரும் உண்டு. நீருக்கடியில் கயிற்றை அறுத்து ஒரு கல்லில் கட்டினான். காவலன் இழுத்துப் பார்த்தான், கனமிருந்தது. நிம்மதியாகக் கொட்டாவி விட்டான்.

"அந்தக் கல்லு என்னைவிட நல்லா வேலை செய்யும்," என்றான் இளையான், தோணியில் ஏறியதும்.

ஊற்றிருக்கும் இடத்தில் கணவதி குதித்தான். தோல்பை பாதி நிரம்பும்போது மேலே பறங்கியின் பெரிய படகொன்றின் நிழல் விழுந்தது. மேலே வா என்று கயிறு துடித்தது. பாதிப் பையோடு போனால் எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது, எதை விடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பை நிரம்பியதும் கயிற்றை அசைத்தான். மேலிருந்து இழுவை வந்தது.

தோணியில் பதினொரு குண்டு துளைத்திருந்தது. இளையான் குப்புறக் கிடந்தபடியே இழுத்துக்கொண்டிருந்தான், உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

"இவ்வளவு நேரம் அடியிலை என்ன, சமைச்சனீயோ?"

"துடுப்பை எடு, பிறகு கதைப்பம்."

தோணி பவளத் திட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. துரத்திய பெரும்படகு அதில் தட்டிக் குந்திவிட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் கண்டல்காட்டிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் வயிறு முட்டக் குடித்தார்கள். மறுநாளும் மச்சான்மார் வேறு வழியாகப் போய்வந்தார்கள். ஒரு தோணிகூடத் தளபதியின் வாசலுக்குப் போகவில்லை.

மூச்சை நம்பி ஒருவன் ஆழத்துக்குப் போகலாம். திரும்பி வர இன்னொருவன் கை வேண்டும்.