நிழலுக்கு ஒதுங்கியவை

அன்னவாசல் பெரியகருப்பன் இதுவரை கொன்ற வண்டுகள் நாற்பது லட்சம். அத்தனையும் ஒற்றைக் கட்டைவிரலால். நெல் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கணக்கை அவர் வாயால் கேட்காத காது அந்த ஊரில் இல்லை.

"எண்ணுனது யாரு?" என்று கேட்பவள் அவர் மனைவி சொர்ணவல்லி ஒருத்திதான்.

மகள் வளைகாப்புக்கு வாங்கிய இரண்டு மூட்டை அரிசியிலும் வண்டு. நீண்ட மூக்கைப் பார்த்ததுமே அரிசி வண்டு என்றார். மாவு வண்டென்றால் சிவந்து தட்டையாக இருக்கும். காலை வெயிலில், மொட்டைமாடியில் தன் பழைய வேட்டிகளை விரித்து அரிசியைப் பரப்பினார்.

"சூடு தாங்காம அதுகளே ஓடிரும். அப்பறம் டிரம்முல வேப்பெலை போட்டு இறுக்கி மூடிரலாம். கொன்னுதான் ஆகணுமாங்க?"

"ஓடி ஒன் பருப்பு டப்பாவுலதான் ஏறும். நீ கீழ போயி மோரக் கலக்கு."

அவர் வித்தை எளியது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அரிசிமேல் அவர் நிழல் விழும். வெந்து தவிக்கும் வண்டுகள் குளிர்ச்சி தேடி அந்த நிழலுக்குள் ஒதுங்கும். ஒதுங்கியதும் கட்டைவிரல் இறங்கும். நம்பி வந்ததை நசுக்குவதில் அவருக்குத் தனி ருசி.

அன்றைக்குச் சின்னதாக ஒரு கோளாறு. பக்கத்து வண்டு நசுங்கியும் மற்றவை சிதறவில்லை. மூக்குகளை அவர் பக்கம் திருப்பியபடி அசையாமல் நின்றன.

பிறகு, முறத்தில் உளுந்தைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம் மழைநீர்க் குழாய்க்குள்ளிருந்து ஏறிவந்தது. முப்பது வருடம் அவர் மூக்கில் ஏறியிருந்த கிடங்கின் ஈரச்சாக்கு நாற்றம் கூடவே வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்தும், கைப்பிடிச்சுவர் விரிசல்களிலிருந்தும், விராலிமலை வரைக்கும் ஓர் அரிசி டின் மிச்சமில்லாமல் காலியானதுபோல வண்டுகள் பொங்கிவந்து அவர் நிழலுக்குள் அடங்கின. தலை நிரம்பியது. தோள் நிரம்பியது. ஓரம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

மாடிப்படி அந்தக் கருப்புக்கு அந்தப் பக்கம்.

இடப்பக்கம் ஓரடி நகர்ந்தார்.

நிழல் நகரவில்லை.

குனிந்து பார்த்தார். காலடியில் வெயில். வெயில் மட்டும். அவருக்கென்று நிழலே இல்லை.

கைப்பிடிச்சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்வாங்கினார்.

வேட்டியில் படுத்திருந்த உருவம் கையைத் தூக்கியது. மெல்ல. விரல்கள் மடங்கின. கட்டைவிரல் மட்டும் நீண்டது. அவர் உயரத்துக்கு நீண்டது. அவர் தலைக்கு மேலே வந்து நின்றது. வெயில் மறைந்தது. குளிர்ந்தது.

மோர்ச் செம்போடு படியேறி வந்த சொர்ணவல்லி வாசலிலேயே நின்றாள். அவள் பார்வை அந்த விரலின் அடியிலிருந்து நுனிவரை ஏறியது.

"இருக்குங்க," என்றாள், குரல் எழும்பாமல். "நாப்பது லட்சம் இருக்குங்க."