ரேவதி பேசாத பத்தொன்பது வருடம்

"ஸ்ரீ, எனக்கு இட்லி போதும்னு சொல்லு."

ரேவதி இதைச் சொன்னபோது இட்லித் தட்டோடு கஸ்தூரி அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த ஸ்ரீகாந்த் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, அத்தைக்குப் போதுமாம்" என்றான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கச் சொல்லுடா. ராத்திரியும் சரியா சாப்பிடல."

"அத்தை, இன்னொண்ணாம்."

"வேணாம்னு சொல்லு."

கஸ்தூரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திருமுல்லைவாயிலில் அந்த வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் இதைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது. நான்கு வயதில் இப்படிப் பேச்சைச் சுமக்கத் தொடங்கிய ஸ்ரீகாந்துக்கு இப்போது இருபத்துமூன்று வயது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான்.

அண்ணியும் நாத்தனாரும் பேசாமல் போனது ரேவதியின் கல்யாணம் நின்ற அன்று.

பூந்தமல்லியில் இருந்து வந்த சம்பந்தம். மாப்பிள்ளை பெயர் சம்பத். நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சம்பத்தின் அப்பா வந்து தாம்பூலத்தைத் திருப்பி வைத்தார். பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்ததாமே, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "உங்க வீட்டு ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பதினான்கு வயதில் வந்த வலிப்பு அது. மூன்று வருடம் மாத்திரை சாப்பிட்டதில் நின்றுவிட்டது. அதை வெளியில் சொல்லக் கூடாது என்பது ரேவதியின் அப்பா ஏகாம்பரம் போட்ட கட்டளை. இரண்டு முறை மாரடைப்பு வந்த மனிதர், அன்று கூடத்தில் நின்று நடுங்கிக்கொண்டே சொன்னார்: "சொன்னது யாரா இருந்தாலும் இப்பவே சொல்லிடணும். அது என் புள்ளையா இருந்தா, எனக்கு அவன் கொள்ளி போடக் கூடாது."

கஸ்தூரி தன் கணவன் ரகுநாதனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நான்தான் மாமா சொன்னேன்" என்றாள்.

மாமனார் அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ரகுநாதன்தான் கொள்ளி போட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, "நான் ரேவதிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன் கஸ்தூரி" என்றான்.

"இப்ப வேணாங்க" என்றாள் கஸ்தூரி. "மாமாவும் போயிட்டார். அவளுக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் வெறுத்துட்டா அவ யாரோட இருப்பா? நான் நேத்து வந்தவ. என்னை வெறுத்தா பரவாயில்ல."

இப்ப வேண்டாம் என்றதை ரகுநாதன் எப்போதும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டான். அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. ஆவடி ஃபேக்டரியில் ஷிஃப்டுக்குப் போனான், வந்தான். தலை நரைத்து, ஓய்வு பெற இரண்டு வருடம் என்று ஆகிவிட்டது. ரேவதி அதற்குப் பிறகு வந்த வரன் எல்லாவற்றையும் வேண்டாம் என்றாள். கோவில்பதாகையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, மாடியறையைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

கஸ்தூரி கதை எழுத ஆரம்பித்தது ஊரடங்கு நாட்களில். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்த பிறகு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவாள். குடும்பக் கதைகள்தான். கோபித்துக்கொண்டு போகிற கணவன்மார்கள், விட்டுக்கொடுக்கிற அக்காக்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வீடுகள். செந்தாழை என்று பெயர் வைத்துக்கொண்டாள். ஒரு கதைச் செயலியில் தினம் ஒரு அத்தியாயம் போட்டால் ஆயிரக்கணக்கான பெண்கள் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன் என்று எழுதினார்கள். வீட்டில் ஸ்ரீகாந்துக்கு மட்டும்தான் இது தெரியும்.

அந்த வாசகிகளில் ஒருத்தி நித்யமல்லி. முதல் நாவலில் இருந்து ஒரு அத்தியாயம் விடாமல் படிப்பவள். போன ஆடி மாதம் அவள் தனியாக ஒரு கடிதம் அனுப்பினாள்.

'எனக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினெட்டு வருடமாக என் அண்ணியோடு நான் பேசுவதில்லை. அண்ணன் மகன்தான் எங்களுக்கு நடுவில் தபால்காரன். மாடியில் உட்கார்ந்து, ஸ்டேஷனில் ரயில் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே உங்கள் கதையைப் படிக்கிறேன். உங்களிடம் பேசினால் கூடப் பிறந்தவளிடம் பேசுவது போல் இருக்கிறது.'

கஸ்தூரி அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றாள். மாடியைப் பார்த்தாள். அங்கே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

நான்தான் அது என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். சொன்னால் அந்தக் கடிதங்கள் நின்றுவிடும். அந்தப் பயத்தில் நாள் தள்ளினாள். அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

இன்று சனிக்கிழமை. ரேவதிக்குப் பள்ளி இல்லை. ரகுநாதன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ரேவதிதான் போனாள். கூரியர்காரர் கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டியோடு நின்றார்.

"யக்கா, கஸ்தூரி ரகுநாதன் ஊடு இதானே? புக்கு பார்சல் வந்துகீது. கீய இன்னொரு பேரும் போட்டுகீறாங்க, செந்தாழைன்னு. யாராச்சும் ஒருத்தர் கையெழுத்து போடுங்க, போதும்."

ரேவதி கையெழுத்துப் போட்டாள். பதிப்பகத்தார் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளை அங்கேயே நின்று மூன்று முறை படித்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்தாள்.

"செந்தாழை நீங்களா?"

கஸ்தூரியின் கையில் இருந்த கரண்டி நின்றது. பத்தொன்பது வருடம் கழித்து ரேவதி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். கேட்டது என்ன என்பது கூட ஒரு கணம் மனதில் ஏறவில்லை. அந்தக் குரல் தன்னை நோக்கி வந்ததே, அதுதான் முதலில் ஏறியது.

"ஆமா ரேவதி."

"நித்யமல்லி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போன ஆடியிலேர்ந்து..."

ரேவதி பெட்டியை மேடையில் வைத்தாள். "ஒரு வருஷம். ஒரு வருஷமா நான் அழுததை எல்லாம் இங்க உக்காந்து படிச்சிருக்கீங்க. யாருகிட்டயும் சொல்லாததை எல்லாம் உங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்கேனே. என் கல்யாணத்தைக் கெடுத்தது போதலையா? நான் படற வேதனை வரைக்கும் உங்களுக்கு வேணுமா?"

"அப்படி இல்ல ரேவதி... நீ பேசறது ஒண்ணாவது என் காதுல விழாதான்னு நான்..."

ரேவதி கேட்க நிற்கவில்லை. மாடிக்கு ஓடினாள். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கால் மணி நேரத்தில் ஒரு பெட்டியோடு படியிறங்கி வந்தாள்.

"அண்ணா, நான் மாங்காட்டுல சுதா டீச்சர் வீட்டுக்குப் போறேன். அப்புறம் எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கறேன். இனிமே இந்த வீட்ல என்னால இருக்க முடியாது."

ரகுநாதன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஸ்ரீகாந்த்தான் எழுந்து ஓடிவந்து பெட்டியைப் பிடித்தான்.

"அத்தை, என்ன ஆச்சு? கொஞ்சம் உக்காருங்க."

"என்ன ஆச்சா? இந்தா, நீயே படி." ரேவதி போனை அவன் கையில் திணித்தாள். "அண்ணி எனக்குச் செஞ்ச துரோகத்தை மன்னிக்கலாமான்னு அவங்ககிட்டயே கேட்டிருக்கேன்டா நான். என்னை மாதிரி ஒரு பைத்தியக்காரி இருப்பாளா?"

ஸ்ரீகாந்த் போனைப் பார்த்தான். பிறகு, பதில் வந்திருந்த இடத்தை மெதுவாக, சத்தமாகவே படித்தான்.

"'மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வலித்தது உங்களுக்கு. கல்யாணம் நின்ற பெண் என்று ஊர் பார்த்த பார்வையைத் தாங்கியது நீங்கள். உங்கள் அண்ணி மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது நியாயம்தான். அந்தக் கோபத்தில் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.'"

அவன் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "அத்தை, இங்க இருக்கற எல்லாத்தையும் பாருங்க. ஒரு இடத்துல கூட அம்மா தனக்காகப் பேசலையே. அண்ணி பக்கம் என்ன நியாயமோன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நீங்க மன்னிச்சிருப்பீங்க. அதைக் கூட எழுதலையே..."

பேப்பர் தரையில் விழுந்தது.

ரகுநாதன் எழுந்து நின்றார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் சுவரைப் பிடித்தது போலவே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டியைக் கீழ வை ரேவதி. பூந்தமல்லிக்குப் போய்ச் சொன்னது நான்."

"என்னங்க, வேணாம்" என்றாள் கஸ்தூரி, சமையலறை வாசலில் இருந்து.

"இல்ல, இன்னிக்கு என்னைச் சொல்ல விடு." அவர் தங்கையைப் பார்த்தார். "ஏமாத்திக் கட்டிக் கொடுத்து, நாளைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சு உன்னை ஏதாவது சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்தேன். உண்மையைச் சொன்னா பெரிய மனசு பண்ணி ஏத்துப்பாங்கன்னு நெனச்சேன். சம்பத் ஏத்துக்கல. அப்பா கொள்ளி போடக் கூடாதுன்னு சொன்னதும் எனக்கு வாய் வரல. உங்கண்ணி முந்திக்கிட்டா. அவ சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும், பழியை அவ ஏத்துக்கிட்டான்னு. அதுக்கப்புறம் தினமும் உன்கிட்ட சொல்லணும்னு நெனப்பேன். நீ அவளை ஒதுக்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்து சாப்பிட்டேன். நான் கோழைம்மா."

ரேவதி மாடிப்படியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆவடிப் பக்கம் போகிற ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏன்?" என்றாள் கடைசியில். கஸ்தூரியைப் பார்த்துத்தான் கேட்டாள். "அப்பா இருந்த வரைக்கும் சரி. அதுக்கப்புறமும் ஏன் சொல்லல?"

கஸ்தூரி அவள் அருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்ப நீ யாரையும் நம்பற நிலைமையில இல்ல. உங்கண்ணன் ஒருத்தரைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்ன. அதையும் பிடுங்கிட்டா நீ என்ன ஆவியோன்னு பயந்தேன். இந்த வீடு உன் வீடுன்னு உனக்கு இருக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

"உங்க அம்மா செத்தப்பக் கூட நான் வரல... வாசல்ல நின்னு நீங்க அழுதீங்க. நான் மாடியிலேர்ந்து பாத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன்."

"விடு. எப்பவோ நடந்தது."

"எப்படி விடறது அண்ணி?"

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கஸ்தூரிக்கு அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது எல்லாம் உடைந்தது. ரேவதி படியில் இருந்து சரிந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள். நாற்பத்தைந்து வயதுப் பெண் குழந்தை போலத் தேம்பித் தேம்பி அழுதாள். கஸ்தூரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். ஸ்ரீகாந்த் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாடியறையில் வைத்துவிட்டு வந்தான்.

ரகுநாதன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அருகில் வரவும் தைரியமில்லை, போகவும் மனமில்லை.

அழுது ஓய்ந்த ரேவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அண்ணன் நின்ற பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"ஸ்ரீ, உங்கப்பாவை என் முன்னாடி நிக்க வேணாம்னு சொல்லு."

ஸ்ரீகாந்த் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி ரேவதியின் கையை இறுகப் பிடித்தாள்.

"வேணாம் ரேவதி. அதை மட்டும் செய்யாதே. திட்டு. எத்தனை நாள் வேணும்னாலும் திட்டு. அவர் செஞ்சதுக்கு நீ என்ன சொன்னாலும் தகும். பேசாம மட்டும் இருக்காதே. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு, ஒருத்தர் நம்மகிட்ட பேசாம இருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்கண்ணன் தாங்க மாட்டார். என்னாலயும் இன்னொரு தடவை அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

ரேவதி நீண்ட நேரம் கஸ்தூரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நரைமுடியும், கண்ணுக்குக் கீழே விழுந்த கருமையும், இத்தனை நாள் எதிரில் இருந்தும் தான் பார்க்காமல் விட்டவை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கஸ்தூரியின் கன்னத்தில் இருந்த ஈரத்தைத் தன் புடவை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"உங்க மேல எனக்கு இருக்கற ஆத்திரம் இன்னிக்கு, நாளைக்குத் தீராதுண்ணா. என் வாழ்க்கையும் போச்சு, இவங்க வாழ்க்கையும் போச்சு. எல்லாத்தையும் உங்ககிட்டயேதான் கேப்பேன். நேராவே கேப்பேன். நீங்க பதில் சொல்லணும்."

"கேளும்மா" என்றார் ரகுநாதன். நாற்காலியில் உட்காரவில்லை. தங்கைக்கு எதிரே, வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணனும் தங்கையும் பேசட்டும் என்று கஸ்தூரி எழப் போனாள். ரேவதி அவள் கையை விடவில்லை.

"நீங்க இங்கயே இருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, கேட்க ஆரம்பித்தாள்.