பால் பேனா

ஞாயிறு காலை 11.05.

பெட்டி காலியாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் மூடியைத் திறந்த கையோடு அப்படியே நின்றார். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் பேனா படுத்திருந்த பள்ளம் மட்டும் தெரிந்தது.

"டாக்டர், என் பேனா எங்க?"

பல் டாக்டர் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "காலைல வச்சேனே" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவருடைய பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேனாப் பிரியர்கள் கூடுவார்கள். மொத்தம் ஐந்தே பேர். சனிக்கிழமையே எல்லாரும் தங்கள் பழைய பேனாக்களை டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் கழுவி, மை ஊற்றி, ஞாயிறு காலையில் நீளத் தட்டில் வரிசையாக வைத்திருப்பார். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அட்டை இருக்கும். அந்தந்தப் பேனாவாலேயே டாக்டர் எழுதிய ஒரே வரி: 'மழை விட்டும் தூவானம் விடவில்லை.' அந்த வரியைப் பார்த்துத்தான் நிப்பின் யோக்கியதையைப் பேசுவார்கள்.

காணாமல் போனது கரும்பச்சை நிறத்தில் தேன்நிறக் கீற்றுகள் ஓடும் பேனா. பாலைத் திரித்து இறுக்கிச் செய்த பொருளால் ஆன உடம்பு. அதனால் எல்லாருக்கும் அது பால் பேனா. முப்பத்தொரு வருடமாக மொழிபெயர்ப்பாளர் முதல் படி எழுதியதெல்லாம் அதில்தான். இப்போது பாதியில் நிற்கும் நாவல் உட்பட.

"கதவைச் சாத்துங்க" என்றார் லென்ஸம்மா.

லென்ஸம்மா டாக்டரின் தங்கை. போலீஸ் ஆய்வுக்கூடத்தில் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். பொய் உயில், கள்ளக் கையெழுத்து, திருத்திய தேதி எல்லாம் அவருடைய பூதக்கண்ணாடிக்குக் கீழே வந்து பல்லைக் காட்டியிருக்கின்றன. பேனா சேர்ப்பவர் அல்ல. அண்ணன் கூப்பிட்டார் என்று ஐந்தாவது ஆளாக வருபவர்.

11.10.

"கடைசியா பேனாவைப் பாத்தது யாரு?"

"நான்தான்" என்றார் டாக்டர். "ஒன்பதரைக்கு மை ஊத்தி, எழுதிப் பாத்து, பெட்டில வச்சு மூடினேன். அம்மாவே வந்து திறக்கட்டும்னு விட்டேன்" என்று மொழிபெயர்ப்பாளரைக் காட்டினார்.

"பத்தரைக்கு எல்லாரும் உள் அறைக்கு டீ குடிக்கப் போனோம். யாராவது இங்க இருந்தீங்களா?"

ஒருவர் தொண்டையைச் செருமினார். முன்பு தபால்தலை சேர்த்துவிட்டுப் பிறகு பேனாவுக்கு மாறியவர். பழைய பித்து பெயராகவே ஒட்டிக்கொண்டது: ஸ்டாம்பு.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. இவரு இருந்தாரு."

அவர் கை காட்டியது லிஃப்ட் மெக்கானிக்கை. கிளப்பில் சேர்ந்து மூன்றே மாதம். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"டீக்கு வரலையா நீங்க?"

"வந்தேங்க. கொஞ்சம் லேட்டா."

"எவ்வளவு லேட்டு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"அந்த ரெண்டு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

மெக்கானிக் மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவோட நாற்காலிகிட்ட குனிஞ்சு நின்னாரு. நானே பாத்தேன்" என்றார் ஸ்டாம்பு.

"ஆமாங்க. நின்னேன்."

"எதுக்கு?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"விடுங்களேன்" என்றார் மொழிபெயர்ப்பாளர். லென்ஸம்மாவால் விட முடியவில்லை. சொல்ல முடியாது என்றவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தவர். குரல் தானாகவே ஆபீஸ் குரலாக மாறியது.

"பையைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

மற்ற மூன்று பைகளும் அங்கேயே நாற்காலிகளின் மேல் இருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை. டாக்டர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

11.25.

மெக்கானிக் பையை மேஜையில் கவிழ்த்தார். ஸ்பேனர் இரண்டு. டெஸ்டர். சாப்பாட்டு டப்பா. மைக்கறை படிந்த துணி. மூன்று பேனாக்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய சாக்ஸுக்குள். ஒரு சாக்ஸில் ஓட்டை. அதன் வழியே பேனா மூடி எட்டிப் பார்த்தது. ஸ்டாம்பு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

லென்ஸம்மா ஒரு சின்ன ரப்பர்ப் பந்தை எடுத்தார். காதைக் கழுவும் பீச்சி.

"இது?"

"பேனா கழுவறதுக்குங்க. பச்சைத் தண்ணிய மெதுவா பீச்சுவேன். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு பக்குவம் இருக்கு. பால் பேனாவை ஊறவே போடக்கூடாது, நிப்பை மட்டும் கழட்டிக் கழுவணும்னு போன மாசம் டாக்டர்கிட்டகூட சொன்னேன்."

"டாக்டருக்கே பாடமா! சரியாப் போச்சு" என்றார் ஸ்டாம்பு.

டாக்டர் திரும்பவில்லை.

பையின் அடியில் ஒரு கவர் இருந்தது. மெக்கானிக்கின் கை சட்டென்று அதன் மேல் விழுந்தது.

"அது வேண்டாங்க."

"பாத்துட்டுக் கொடுத்துடறேன்."

கை விலகியது. உள்ளே இரண்டு பக்கக் கடிதம். நீல மையில் நிதானமான எழுத்து. 'மதிப்பிற்குரிய அம்மா, நீங்கள் மொழிபெயர்த்த தீவுக் கதையை மூன்று முறை படித்தேன். கடைசி அத்தியாயத்தை என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் படித்துக் காட்டினேன். அதற்கு மறுநாள்...'

லென்ஸம்மா அதோடு நிறுத்திக் கடிதத்தை மடித்தார். மடித்த பிறகும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அம்மா பையில வச்சிடலாம்னு போனேன்" என்றார் மெக்கானிக். "தைரியம் வரல. அவ்வளவுதான்."

சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். ஓட்டை சாக்ஸைக் கடைசியாக எடுத்தார். கடிதத்தை லென்ஸம்மாவின் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "வரேங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

11.40.

லென்ஸம்மா கை கழுவப் போனார். டாக்டர் தம் பல் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை அது. மூலையில் அதிர்வு மெஷின். அதன் தொட்டியில்தான் பேனாக்களையும் முக்கி எடுப்பார். அறையில் புளித்த வாடை வீசியது.

"பால் கெட்டுப் போச்சு. காலைல கொட்டினேன்" என்றார் டாக்டர் பின்னாலிருந்து.

லென்ஸம்மா எதுவும் கேட்டிருக்கவில்லை.

11.50.

"பேசாம போலீஸ்ல எழுதிக் கொடுத்துடலாம்" என்றார் ஸ்டாம்பு. லென்ஸம்மா காகிதத்தை எடுத்தார். நிறம், நீளம், மூடி. அடுத்தது நிப். நிப் எழுதும் விதத்தைக் குறிக்க, தட்டிலிருந்த பால் பேனாவின் அட்டையை அப்போதுதான் கையில் எடுத்தார்.

கைப்பையிலிருந்து லென்ஸ் வந்தது. ஒரு நிமிடம் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பிடித்து இன்னொரு நிமிடம்.

"உங்க நாவல் கையெழுத்துப் படி ஏதாவது இருக்கா?"

மொழிபெயர்ப்பாளர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். லென்ஸம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சிகிச்சை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

12.05.

சுவர் அலமாரி முழுக்க அட்டைப் பெட்டிகள். நோயாளிகளின் பல் அச்சுகள். எல்லாவற்றின் மேலும் மாவு போல வெள்ளைத் தூசி படிந்திருந்தது. மேல்தட்டில் ஒரு பெட்டியில் மட்டும் நான்கு விரல் தடம்.

உள்ளே, இரண்டு சுண்ணாம்புத் தாடைகளுக்கு நடுவே, டிஷ்யூவில் சுற்றிய ஒன்று கிடந்தது. பிரித்தார். பச்சை வெளுத்திருந்தது. உடம்பு ஊதி, வளைந்து, நெடுகிலும் வெடித்து, வாடிய பாகற்காய் மாதிரி இருந்தது. அதே புளித்த வாடை.

லென்ஸம்மா நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மூடி வைத்துவிட்டால் போதும். கிடைக்காமல் போன பேனாவுக்காக எந்த ஸ்டேஷனும் தூக்கம் கெடாது. அப்பாவுக்குப் பிறகு தன்னைப் படிக்க வைத்தவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். படித்த படிப்பு இந்தப் பெட்டியில் வந்து முட்டி நிற்கிறது.

மேஜையில் பையைக் கவிழ்த்த கை நினைவுக்கு வந்தது. டிஷ்யூவோடு எழுந்தார்.

12.15.

"அண்ணா, உக்காரு."

டாக்டர் அவர் கையைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"பேனாவை யாரும் திருடல. அது நேத்தே செத்துப் போச்சு. கெடுத்ததும் நீதான், ஒளிச்சு வச்சதும் நீதான்."

"என்னம்மா பேசறீங்க?" என்றார் ஸ்டாம்பு.

லென்ஸம்மா அட்டையையும் தாளையும் மேஜையில் வைத்தார்.

"இந்த ரெண்டையும் பாருங்க. அம்மாவோட நிப் முப்பது வருஷமா ஒரே கோணத்துல தேஞ்சு உளி மாதிரி ஆயிருக்கு. யார் எழுதினாலும், அழுத்தினாலும் அழுத்தாட்டியும், மேலருந்து கீழ வர்ற கோடு தடியா விழும், குறுக்கே போற கோடு முடி மாதிரி விழும். தாள்ல ஒவ்வொரு எழுத்தும் அப்படித்தான் இருக்கு. அட்டைல பாருங்க. நெடுகக் கம்பி மாதிரி ஒரே கனம். இது வேற பேனா. ஒன்பதரைக்கு இந்தப் பேனாலதான் எழுதினேன்னு அண்ணன் சொன்னாரு. எழுதற நிலைமைல அது இல்ல. பத்தரைக்குத் திருடறவன், அதுக்கு முன்னாடி எழுதின அட்டையை மாத்த முடியாது."

டிஷ்யூவைப் பிரித்தார். மொழிபெயர்ப்பாளர் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டார்.

"கருவி கழுவற அறைல வாடை வந்துச்சு. நான் கேக்காமலே பால் கெட்டுப் போச்சுன்னாரு. கெட்டது பால்தான். ஆனா பாக்கெட் பால் இல்ல." லென்ஸம்மாவின் குரல் தேய்ந்தது. "ஊரான் கையெழுத்தையெல்லாம் லென்ஸ் வச்சுப் பாக்கறவ நான். அட்டை காலைலேருந்து என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. அண்ணன் எழுத்துதானேன்னு பாக்கல. முதல்ல அதைப் பாத்திருந்தா அந்தப் பை திறந்திருக்காது."

டாக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நேத்து சாயங்காலம் மெஷின்ல போட்டேன். வெந்நீர். ஒரு போன் வந்துச்சு, பேசிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டேன். காலைல ஏழு மணிக்கு வந்து பாத்தா இப்படி. கூட்டம் முடிஞ்சதும் அம்மாகிட்ட தனியா சொல்லிக்கலாம்னு வேற பேனாவால அட்டை எழுதி வச்சேன். அம்மா முன்னாடியே திறந்துட்டாங்க. வச்சேனேன்னு வாயில வந்துடுச்சு."

"சரி. அவரு பையைக் கவுத்தப்போ?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்போ என்ன அண்ணா?"

"அவன்தான் ஊறப் போடாதீங்கன்னு சொன்னவன்" என்றார் டாக்டர். காது மடல் சிவந்திருந்தது. "அவன் எதிர்லயே எப்படிச் சொல்றது? எல்லாரும் இருக்கும்போது..."

மொழிபெயர்ப்பாளர் வெடித்த பேனாவை டிஷ்யூவோடு எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

"பேனா போனா போகட்டும், டாக்டர். வேற ஒண்ணுல எழுதிப் பழகிக்குவேன்." பிறகு லென்ஸம்மாவின் பக்கம் திரும்பினார். "எனக்கு எழுதின கடுதாசி. என்னைவிட முன்னாடி நீங்க படிச்சுட்டீங்க."

லென்ஸம்மா லென்ஸைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

திங்கள் காலை 9.20.

லிஃப்ட் கம்பெனியில் விசாரித்துக்கொண்டு லென்ஸம்மா ஒரு பதினோரு மாடிக் கட்டடத்துக்குப் போனார். மெக்கானிக் லிஃப்டின் அடிக்குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. லென்ஸம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"தப்பு என் மேல. மன்னிச்சிடுங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க நாலு பேர் முன்னாடி பையைக் கேட்டீங்க. இங்க நம்ம ரெண்டு பேர்தானேம்மா இருக்கோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரியும் இல்லை. இருப்பதைச் சொன்னார். லென்ஸம்மா எழுந்து நின்றார். வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டார்.

செவ்வாய் மதியம் 1.00.

அதே கட்டடத்தின் தரைத்தளம். லிஃப்ட் ஓடத் தொடங்கக் காத்து ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நால்வரும் வந்தார்கள். ஸ்டாம்பு எல்லாருக்கும் பின்னால் நின்று தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் நேரே மெக்கானிக்கிடம் போய்க் கையை நீட்டினார்.

"என் கடுதாசியைக் குடுங்க."

மெக்கானிக் ஒரு கணம் தயங்கினார். சட்டைப்பையில் இருந்தது. கொடுத்தார். ஓரம் கசங்கியிருந்த கவரை மொழிபெயர்ப்பாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் முன்னால் வந்தார். லிஃப்டுக்காக நின்றவர்களில் இருவர் அவருடைய நோயாளிகள். ஒரு பெண்மணி, "டாக்டர், நீங்க இங்கயா?" என்று சிரித்தார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைக் குனிந்து, மெக்கானிக்கின் தோளைப் பார்த்து, கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்.

"பேனாவைக் கெடுத்தது நான். உங்க மேல பழி விழுந்தப்போ தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். மன்னிச்சிடுங்க."

மெக்கானிக் அவரையே பார்த்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல, டாக்டர்."

டாக்டர் தலையை நிமிர்த்தினார். மறுபடியும், முதல் வார்த்தையிலிருந்து, உரக்கச் சொன்னார்.